ஒரு சொல்லுக்கு அறுபது காசு

செந்தூலில், அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை.
சுவரில் சாய்த்த மெத்தை, சன்னலில் கம்பளி,
நடுவே ஒலிவாங்கி. அதன் முன்னால் நான்.
எனக்கு அன்று சளி.

முன்னூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
சொல்லுக்கு அறுபது காசு.
தப்பினால் திரும்பச் சொல்லவேண்டும், அதற்குக் காசில்லை.
படம் வரும், எழுத்து மஞ்சளாகும்,
தொட்டால் உங்கள் குரல் வரும் அக்கா என்றான் முகுந்தராஜ்.
எந்த ஊர்ப் பிள்ளை தொடும் என்று அவனுக்கும் தெரியாது.

"பழம்" சொன்னபோது கீழே ஒரு மோட்டார் போனது.
விடுங்கள், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றான்.
விட்டோம்.

கடைசியில் ஒரு வாக்கியம்:
"பரவாயில்லை, மறுபடி பார்."
இதை மட்டும் ஒன்பது தடவை சொல்லவைத்தான்.
இன்னும் கொஞ்சம் அன்பா, அக்கா.
ஒன்பதாவதில் அன்பு வந்தது,
மூக்கடைப்போடு.
அதற்கும் அறுபது காசுதான்.

அன்றிரவே என் மகனிடம்
ஒரு பெருக்கல் கணக்குக்காக
அவன் பென்சில் கைநழுவி விழும்படி கத்தினேன்.

தைப்பூசம் முடிந்த வாரம்.
இரவு பத்தரை, செத்தாப்பாக்கில்
காசு போட்டால் துவைத்துத் தரும் கடை.
பத்துமலை அடிவாரத்தில் இரண்டு நாள் மோர் ஊற்றிய
என் சட்டையும் தம்பி சட்டையும்
உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள் புரண்டுகொண்டிருந்தன.

நாற்காலியில் ஒரு பையன், ஆறு வயதிருக்கும்.
ஹவினேஷ், காலை ஆட்டாதே என்றாள் அவன் அம்மா,
பாதுகாவலர் சீருடையில்,
கண்ணைத் திறக்காமலே.
அவன் மடியில் அவளுடைய கைப்பேசி.
திரையின் விரிசல்
ழகரத்தின் வால் வழியாக ஓடியது.

தொட்டான்.
"பழம்" என்றேன் நான், அதற்குள்ளிருந்து.
"பழம் டுர்ர்ர்" என்றான் அவன்.
கேலி இல்லை. பாடம்.
அவனுக்கு அந்தச் சொல்லில்
மூன்று எழுத்தும் ஒரு மோட்டாரும்.

குரங்கில் தடுக்கினான்.
"பரவாயில்லை, மறுபடி பார்" என்றேன்.
மறுபடி தப்பு. மறுபடி சொன்னேன்.
ஏழு தடவை.
எனக்குச் சலிக்கவே இல்லை.
பக்கத்து நாற்காலியில்
எனக்கு வெட்கமாக இருந்தது.

அது நான்தான் என்று சொல்லிவிடலாமா?
சளி எப்போதோ போய்விட்டது.
இந்தக் குரலை அவன் நம்பமாட்டான்.

பிறகு கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தது.
அவன் அம்மாவைப் பார்த்தான், எழுப்பவில்லை.
சுவரைப் பார்த்தான்.
எவ்வளவு சோப்பு, எத்தனை நிமிடம், காலணி போடாதீர்,
மலாயில், சீனத்தில், ஆங்கிலத்தில்.
அவன் படித்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

அப்போது கண்ணாடியில் வந்தது, தலைகீழாக.
"த."
போயிற்று. ஒரு கால்சட்டை வந்தது. துண்டு வந்தது.
எழுந்து போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்தான்.
"ண்."
சட்டை புரளும் பக்கமெல்லாம் கழுத்தும் புரண்டது.
"ணீ... ர்."
வலி மிகவேண்டிய இடத்தில்
அச்சடித்தவன் விட்டிருந்தான்;
பையனுக்கு ஓர் எழுத்து மிச்சம்.

அடுத்ததில் மாட்டிக்கொண்டான்.
"பத்... பன்..."
நான் வாயைத் திறப்பதற்குள்
"பரவாயில்லை, மறுபடி பார்" என்றான் தனக்கே,
மூக்கடைத்த குரலில்.

"பந்... பந்து...
இல்ல.
பந்த... ல்."

இயந்திரம் நின்றது.
பீப், பீப், பீப்.
சரியாகப் படித்தால் வரும் சத்தம் என்று நினைத்தானோ,
இரண்டு கையையும் தூக்கினான்.

கதவைத் திறந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
நன்றாகவே காய்ந்திருந்தது.
மூடிவிட்டு
இன்னொரு வெள்ளி போட்டேன்.